சகாராவி மக்களின் சுயநிர்ணய உரிமையும் உலக ஆதரவு இயக்கமும்

சகாராவி மக்கள் என்போர் ஆப்பிரிக்காவின் வடமேற்கில், அட்லாண்டிக் கடலோரம் அமைந்த மேற்கு சகாராவின் மண்ணின் மைந்தர்கள். தங்கள் நிலத்தின் எதிர்காலத்தைத் தாங்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அந்த வாக்கெடுப்பை நடத்தித் தரும் பொறுப்பை ஐக்கிய நாடுகள் அவை 1991-இல் ஏற்றுக்கொண்டது. வாக்கெடுப்பு இதுவரை நடக்கவில்லை. நிலத்தின் பெரும்பகுதி மொராக்கோவின் கட்டுப்பாட்டில் உள்ளது. மக்களில் ஒரு பெரும் பகுதியினர் அல்ஜீரியப் பாலைவனத்தில் அகதி முகாம்களில் வாழ்கின்றனர்.

இவர்களுக்காகப் பல நாடுகளில் குடும்பங்கள், தொழிற்சங்கங்கள், வழக்கறிஞர்கள், மனித உரிமை அமைப்புகள் ஆகியோர் ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவரும் பணியே சகாராவி ஆதரவு இயக்கம் எனப்படுகிறது. இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சகாராவி குடியரசைப் பதினைந்து ஆண்டுகள் அங்கீகரித்திருந்து, பின்னர் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்ற நாடு இந்தியா. கோயம்புத்தூர், ஈரோடு பகுதி உழவர்கள் அடியுரமாக இடும் டி.ஏ.பி.க்கும் இந்தச் சிக்கலுக்கும் இடையே பாஸ்பேட் பாறை வழியே ஒரு தொடர்பு இருக்கிறது. அது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

நிலமும் மக்களும்

மேற்கு சகாராவின் பரப்பு ஏறத்தாழ 2,66,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல இருமடங்கு. மக்கள்தொகையோ மிகக் குறைவு. இப்பகுதியை ஆண்ட ஸ்பெயின் 1974-இல் எடுத்த கணக்கெடுப்பில் 73,497 சகாராவிகள் பதிவாயினர். நாடோடிகளாக ஒட்டகமும் ஆடும் மேய்த்து வாழ்ந்த இவர்கள் பேசுவது ஹஸானியா என்னும் அரபு வழக்கு. விருந்தினருக்கு மூன்று சுற்றுத் தேநீர் கொடுப்பது இவர்களின் வழக்கம். முகாமுக்குச் சென்று வந்தவர்கள் எழுதும் எல்லாக் குறிப்புகளிலும் இந்தத் தேநீர் தவறாமல் இடம்பெறும்.

வறண்ட நிலம்தான், ஆனால் வளமற்ற நிலம் அன்று. கடற்கரை மீன்வளம் மிக்கது. உள்ளே பூ கிரா என்னுமிடத்தில் பாஸ்பேட் பாறை கிடைக்கிறது. அங்கிருந்து கடற்கரைத் துறைமுகத்துக்குப் பாறையைக் கொண்டுசெல்லும் பட்டை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீளமுள்ளது. கோவையிலிருந்து ஈரோடு வரை ஒரே பட்டை ஓடுவதாக நினைத்துக்கொண்டால் அதன் நீளம் புரியும்.

கைவிட்டுப் போன குடியேற்றம்

1884 முதல் இந்நிலம் ஸ்பெயினின் குடியேற்ற நாடாக இருந்தது. 1963-இல் ஐ.நா. இதைத் தன்னாட்சி பெறாத நிலப்பரப்புகளின் பட்டியலில் சேர்த்தது. 1966-இல் இங்கு வாக்கெடுப்பு நடத்துமாறு ஐ.நா. பொது அவை ஸ்பெயினைக் கேட்டுக்கொண்டது. ஸ்பெயின் காலம் தாழ்த்தியது. 1970 ஜூனில் எல் ஐயூன் நகரில் நடந்த அமைதியான போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அதன் தலைவர் முகமது பசீரி கைதுக்குப் பின் காணாமற்போனார். 1973 மே 10 அன்று பொலிசாரியோ முன்னணி தோன்றியது.

மொராக்கோவும் மொரித்தானியாவும் இந்நிலம் தங்களுக்கே உரியது என்றன. வழக்கு, கருத்துரை கேட்டு, ஹேக் நகரிலுள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. அப்போதைய நீதிபதிகளுள் இந்தியாவின் நாகேந்திர சிங்கும் ஒருவர். 1975 அக்டோபர் 16 அன்று வெளியான கருத்துரை இரண்டு செய்திகளைச் சொன்னது. மொராக்கோ சுல்தானுக்கும் இங்குள்ள சில இனக்குழுக்களுக்கும் இடையே விசுவாச உறவு இருந்தது உண்மை. ஆனால் மக்களின் சுயநிர்ணய உரிமையைத் தடுக்கும் அளவுக்கு நிலத்தின் மீதான இறையாண்மை உறவு எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. முதற்பகுதியை மொராக்கோவும் இரண்டாம் பகுதியைப் பொலிசாரியோவும் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. நீதிமன்றம் முடிவாகச் சொன்னது இரண்டாவதைத்தான்.

மூன்று வாரங்களில், நவம்பர் 6 அன்று, மொராக்கோ அரசர் இரண்டாம் ஹசன் 3,50,000 மக்களை எல்லையைக் கடந்து நடக்கச் செய்தார். இது பசுமைப் பேரணி எனப்படும். நவம்பர் 14 அன்று மாட்ரிட் உடன்பாட்டின்படி ஸ்பெயின் நிர்வாகத்தை மொராக்கோவுக்கும் மொரித்தானியாவுக்கும் விட்டுக்கொடுத்தது. 1976 பிப்ரவரி 26 அன்று ஸ்பெயின் வெளியேறியது. மறுநாள் பொலிசாரியோ சகாராவி அரபு சனநாயகக் குடியரசை அறிவித்தது. போர் மூண்டது. மக்கள் கிழக்கே அல்ஜீரியா நோக்கி ஓடினர். 1979-இல் மொரித்தானியா விலகிக்கொள்ள, அதன் பகுதியையும் மொராக்கோ எடுத்துக்கொண்டது. 1980-களில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு மணலாலும் கல்லாலும் மொராக்கோ எழுப்பிய அரண் நிலத்தை இரண்டாகப் பிரித்து நிற்கிறது. அதைச் சுற்றிலும் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டுள்ளன.

யார் வாக்காளர்?

1991 செப்டம்பர் 6 அன்று போர்நிறுத்தம் வந்தது. வாக்கெடுப்பு நடத்துவதற்காகவே மினுர்சோ என்ற ஐ.நா. பணிக்குழு அமைக்கப்பட்டது. விடுதலையா, மொராக்கோவுடன் இணைப்பா என்ற கேள்விக்கு 1992 சனவரியில் மக்கள் விடையளிக்க வேண்டும் என்பது திட்டம்.

திட்டம் சிக்கியது வாக்காளர் பட்டியலில். வாக்காளர் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ முடிவும் அவர் கையில் என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டிய செய்தி அன்று. 1974 ஸ்பானியக் கணக்கெடுப்பில் உள்ளோரும் அவர்களின் வழிவந்தோருமே வாக்காளர் என்றது பொலிசாரியோ. முன்னரே வடக்கே மொராக்கோவில் குடியேறிய இனக்குழுக்களையும் சேர்க்க வேண்டும் என்றது மொராக்கோ. ஐ.நா. அலுவலர்கள் விண்ணப்பித்தோரை ஒவ்வொருவராக விசாரித்தனர். எழுத்துச் சான்று இல்லாத நாடோடிச் சமூகத்தில் இனக்குழுப் பெரியவர்களின் வாய்மொழியே சான்றாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பின் உருவான தற்காலிகப் பட்டியலில் 86,386 பேர் இடம்பெற்றனர். சேர்க்கப்படாதவர்கள் சார்பில் 1,30,000-க்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் குவிந்தன. ஒவ்வொன்றையும் விசாரிக்க இன்னும் எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டபோது திட்டமே நின்றுபோயிற்று.

அமெரிக்க முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் பேக்கர் 2003-இல் ஒரு மாற்றுத் திட்டம் தந்தார். சில ஆண்டுகள் தன்னாட்சி, அதன்பின் அங்கு குடியேறியுள்ள மொராக்கோ மக்களும் பங்கேற்கும் வாக்கெடுப்பு என்பது அதன் சாரம். பொலிசாரியோ ஏற்றது, மொராக்கோ மறுத்தது. பேக்கர் 2004-இல் பதவி விலகினார். 2007-இல் மொராக்கோ தன் இறையாண்மைக்கு உட்பட்ட தன்னாட்சித் திட்டத்தை முன்வைத்தது. விடுதலை என்ற தெரிவு அதில் இல்லை.

மொராக்கோவின் வாதங்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். குடியேற்ற ஆட்சிக்கு முன்பே இந்நிலம் தன் மன்னர்களுக்கு விசுவாசமாக இருந்தது, ஸ்பெயின் துண்டித்ததைத் தான் மீட்டது, பள்ளி, சாலை, துறைமுகம் எனப் பெரும் முதலீடு செய்துள்ளது, பொலிசாரியோ அல்ஜீரியாவின் கருவி என்பன அவை. பொலிசாரியோ மீதும் குற்றச்சாட்டுகள் உண்டு. முகாம்களில் மாற்றுக் கருத்துடையோர் சிறைப்பட்டதும் துன்புறுத்தப்பட்டதும் பதிவாகியுள்ளன. மொராக்கோ போர்க்கைதிகளில் கடைசி 404 பேரை அது 2005-இல்தான் விடுவித்தது. அவர்களுள் பலர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டிருந்தவர்கள்.

முகாம் வாழ்க்கை

அல்ஜீரியாவின் திந்தூஃப் நகருக்கு அருகே ஐந்து பெரிய முகாம்கள் உள்ளன. அவற்றுக்கு எல் ஐயூன், ஸ்மாரா, தாக்லா, அவுசர்த், பூஜதூர் என விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே வைத்துள்ளனர். ஐ.நா.வின் 2018 மதிப்பீட்டின்படி இங்கு 1,73,600 பேர் வாழ்கின்றனர். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். வேளாண்மைக்கு இடமில்லாத கல்லுப் பாலை. உணவு, நீர், மருந்து எல்லாவற்றுக்கும் வெளியுதவியே துணை.

ஆண்கள் போர்முனையில் இருந்த காலத்தில் முகாம்களை எழுப்பியவர்களும் நிர்வகித்தவர்களும் பெண்கள். எழுத்தறிவு, தடுப்பூசி, உணவுப் பங்கீடு ஆகியவற்றுக்குக் குழுக்கள் அமைத்தனர். கியூபாவில் படித்துத் திரும்பிய மருத்துவர்கள் முகாம்களில் பணியாற்றினர். இளமையிலேயே அயல்நாடு சென்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, பெற்றோர் முகம் மறந்து திரும்பியவர்களும் அவர்களுள் உண்டு.

முகாமில் பிறந்து முகாமிலேயே பிள்ளை பெற்ற தலைமுறை என்பது கொங்குப் பகுதிக்குப் புதிதன்று. ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர், அறச்சலூர், கோவை மாவட்டத்தில் பூலுவபட்டி ஆகிய இடங்களில் ஈழத்திலிருந்து வந்தோருக்கான முகாம்கள் உள்ளன. தமிழ்நாட்டில் இத்தகைய முகாம்கள் நூற்றுக்கும் மேல். 2021-இல் மாநில அரசு இவற்றின் பெயரை மறுவாழ்வு முகாம்கள் என மாற்றியது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பவானிசாகரில் இருப்பவர் இந்திய அரசின் கண்காணிப்பில், இந்தியச் சட்டத்தின் கீழ் வாழ்பவர். அருகிலுள்ள ஊரில் கூலி வேலைக்குப் போகலாம், அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். திந்தூஃபில் முகாமின் நிர்வாகம், பள்ளி, நீதிமன்றம் எல்லாம் சகாராவிகளின் கையில் உள்ளன. நாடு இல்லாத இடத்தில் ஓர் அரசு நடக்கிறது. ஆனால் வேலை இல்லை.

ஆதரவு இயக்கம் பிறந்த விதம்

ஆதரவு இயக்கத்தின் வேர் ஸ்பெயினில் உள்ளது. அரசு கைவிட்டதை மக்கள் கைவிடவில்லை. கோடை விடுமுறையில் சகாராவிச் சிறுவர்களை முகாமிலிருந்து அழைத்துவந்து இரண்டு மாதம் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக வைத்துக்கொள்ளும் திட்டம் அங்கே பெரும் வரவேற்பைப் பெற்றது. அமைதியில் விடுமுறை என்பது அதன் பெயர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் வந்தனர். கண், பல் மருத்துவம் பார்க்கப்பட்டது. பலர் முதன்முறையாகக் கடலைப் பார்த்தது அங்கேதான். அச்சிறுவர்களின் சொந்த நாட்டுக்கு நீண்ட கடற்கரை உண்டு என்பதை எண்ணும்போது இச்செய்தி வேறு பொருள் பெறுகிறது. திரும்பிச் சென்ற பிள்ளைக்குக் கடிதமும் உடையும் அனுப்பிய குடும்பங்களே பின்னர் ஊர்தோறும் நண்பர் சங்கங்களாயின. நகராட்சிகள் முகாம்களைத் தங்கள் உறவு ஊர்களாக ஏற்றன. கூட்டம் போட்டுச் சேர்த்த ஆதரவைவிட இவ்வாறு வீட்டுக்குள் வந்த ஆதரவு நீடித்தது.

2003 முதல் முகாம்களில் திரைப்பட விழாவும், 2001 முதல் சகாரா மாரத்தான் ஓட்டமும் நடைபெறுகின்றன. ஐரோப்பிய ஆதரவுக் குழுக்கள் 1975 முதல் மாநாடு கூடுகின்றன.

இயக்கத்தின் இன்னொரு முகம் மனித உரிமை. மொராக்கோவின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதியில் விடுதலை கோரிப் பேசுவது குற்றம். அமினத்து ஹைதர் 1987-இல் பிடிக்கப்பட்டு, விசாரணை இன்றி நான்கு ஆண்டுகள் மறைவிடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். 2009 நவம்பரில், தம் நாட்டின் பெயராக மொராக்கோ என்று எழுத மறுத்ததால் எல் ஐயூன் விமான நிலையத்திலிருந்து அவர் ஸ்பெயினின் லான்சரோத்தே தீவுக்கு அனுப்பப்பட்டார். விமான நிலையத்திலேயே 32 நாள் உண்ணாநிலை இருந்து, இறுதியில் ஊர் திரும்பினார். 2019-இல் அவருக்கு மாற்று நோபல் எனப்படும் சரியான வாழ்வுக்கான விருது கிடைத்தது.

2010-இல் எல் ஐயூனுக்கு வெளியே கியேம் இசிக் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்து வேலையும் வீடும் கேட்டனர். நவம்பர் 8 அன்று படையினர் அதைக் கலைத்தபோது மோதலில் உயிர்கள் போயின. இறந்தவர்களுள் பாதுகாப்புப் படையினரே மிகுதி. இருபதுக்கும் மேற்பட்ட சகாராவிகளை முதலில் இராணுவ நீதிமன்றமும் பின் 2017-இல் குடிமை நீதிமன்றமும் தண்டித்தன. சிலருக்கு ஆயுள் தண்டனை. வாக்குமூலங்கள் சித்திரவதையால் பெறப்பட்டவை என்ற முறையீட்டை உலக மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து எழுப்புகின்றன. மனித உரிமையைக் கண்காணிக்கும் அதிகாரம் மினுர்சோவுக்கு இல்லை. 2013-இல் அமெரிக்கா அதைச் சேர்க்க முன்மொழிந்து, மொராக்கோவின் எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது.

பாறையும் மீனும் தக்காளியும்

2002 சனவரி 29 அன்று ஐ.நா.வின் சட்ட ஆலோசகர் ஹான்ஸ் கொரெல் ஒரு கருத்துரை தந்தார். மக்களின் நலனையும் விருப்பத்தையும் புறக்கணித்து இந்நிலத்தின் வளங்களை எடுப்பது பன்னாட்டுச் சட்டத்துக்கு முரணாகும் என்பது அதன் கருத்து. இதைப் பிடித்துக்கொண்டு இயக்கம் தன் பாதையை மாற்றியது. அரசுகளைக் கேட்டுப் பயனில்லாத இடத்தில் கம்பெனிகளைக் கேட்கத் தொடங்கியது.

இதில் முன்னிற்பது மேற்கு சகாரா வளக் கண்காணிப்பு என்ற அமைப்பு. எல் ஐயூன் துறைமுகத்தில் சரக்கேற்றும் ஒவ்வொரு கப்பலையும், அது போய்ச் சேரும் துறைமுகத்தையும், வாங்கும் கம்பெனியையும் தொடர்ந்து குறித்து ஆண்டறிக்கை வெளியிடுகிறது. ஆர்ப்பாட்டத்தின் ஓசை இல்லாத, கணக்குப்பிள்ளை வேலை. பலன் தந்தது அதுதான். நோர்வே அரசின் ஓய்வூதிய நிதி 2005-இல் இங்கு எண்ணெய் தேடிய கெர்-மெக்கீ கம்பெனியிலும், 2011-இல் பாஸ்பேட் வாங்கிய கனடாவின் பொட்டாஷ் கார்ப்பரேஷனிலும் இருந்த தன் முதலீட்டை விலக்கிக்கொண்டது. கனடாவுக்கான இறக்குமதி 2018-இல் நின்றது.

2017 மே மாதம், ஐம்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட பாஸ்பேட்டுடன் நியூசிலாந்து நோக்கிச் சென்ற செர்ரி பிளாசம் என்ற கப்பலைத் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் துறைமுகத்தில் நீதிமன்ற ஆணை நிறுத்தியது. 2018 பிப்ரவரியில் அச்சரக்கின் உரிமையாளர் சகாராவி குடியரசே எனத் தீர்ப்பு வந்தது. அதன்பின் பாஸ்பேட் கப்பல்கள் தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களைத் தவிர்த்துச் செல்லத் தொடங்கின.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திலும் வழக்குகள் நடந்தன. 2024 அக்டோபர் 4 அன்று, மேற்கு சகாரா மக்களின் ஒப்புதல் இல்லாமல் அந்நிலத்துக்கு நீட்டிக்கப்பட்ட வேளாண், மீன்பிடி உடன்பாடுகள் செல்லாது என அந்நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. வழக்குத் தொடுத்தது பிரான்சின் சிறு உழவர் சங்கமான கான்ஃபெடெராசியோன் பெய்சான். மேற்கு சகாராவில் விளைந்த முலாம்பழத்தையும் தக்காளியையும் மொராக்கோ விளைச்சல் என்று சீட்டு ஒட்டி விற்பதை அது எதிர்த்தது. இறக்குமதிக்குப் பிரான்ஸ் தனியே தடை விதிக்க முடியாது, ஆனால் விளைந்த இடம் மேற்கு சகாரா என்றே சீட்டில் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. வணிக உடன்பாட்டுக்குத் தந்த ஓராண்டு அவகாசம் முடியும் தறுவாயில், 2025 அக்டோபரில், ஒன்றியமும் மொராக்கோவும் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டன. பொலிசாரியோ அதையும் எதிர்க்கிறது.

இந்தியாவின் நிலை

1984-இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பில் சகாராவி குடியரசு இருக்கையில் அமர்ந்தது. எதிர்ப்புத் தெரிவித்து மொராக்கோ அவ்வமைப்பை விட்டு வெளியேறியது. மறு ஆண்டு, 1985 அக்டோபர் 1 அன்று, ராஜீவ் காந்தி அரசு சகாராவி குடியரசை அங்கீகரித்தது. புதுதில்லியில் அதன் தூதரகம் திறக்கப்பட்டது. அணிசேரா நாடுகளின் முன்னணியில் நின்று, தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கும் நமீபியாவின் அடிமைத்தனத்துக்கும் எதிராகக் குரல் கொடுத்துவந்த காலத்து இந்தியாவுக்கு அது இயல்பான முடிவு.

2000 ஜூன் 26 அன்று வாஜ்பாய் அரசு அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. இடையில் நடந்தவற்றைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கலாம். 1997-இல் மொராக்கோ அரசின் பாஸ்பேட் நிறுவனமான ஓ.சி.பி.யும் இந்தியாவின் சம்பல் நிறுவனமும் சேர்ந்து மொராக்கோவில் பாஸ்பாரிக் அமில ஆலைக்கான கூட்டு நிறுவனத்தை அமைத்தன. 2001-இல் மொராக்கோ அரசர் ஆறாம் முகமது இந்தியா வந்தார். 2002-இல் ஒடிசாவின் பாரதீப் பாஸ்பேட்ஸ் நிறுவனத்தில் இந்திய அரசு தன்னிடமிருந்த பங்குகளில் 74 விழுக்காட்டை விற்றது. வாங்கியது சுவாரி நிறுவனமும் ஓ.சி.பி.யும் சேர்ந்த கூட்டு நிறுவனம். பாஸ்பேட் வணிகமே நிலைமாற்றத்துக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் சிலர் கூறுவர். காஷ்மீர் சிக்கல் இருக்கும்போது இன்னொரு நாட்டில் வாக்கெடுப்பை ஆதரிப்பது சங்கடம் என்பது வேறு சிலர் கருத்து. இரண்டுமே ஊகங்கள்தாம். ஆனால் முதலாவதற்குக் காலவரிசை துணைநிற்கிறது.

கொங்கு மண்ணில் பாஸ்பேட்

தழைச்சத்து உரமான யூரியாவுக்கு வேண்டிய நைட்ரஜன் காற்றிலேயே உண்டு. மணிச்சத்தான பாஸ்பரசுக்கு அந்த வசதி இல்லை. பாறையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். இந்தியாவில் ராஜஸ்தானின் ஜாமர்கோட்ரா போன்ற ஒரு சில இடங்களிலேயே அது கிடைக்கிறது. தேவையின் பெரும்பகுதி பாறையாகவோ அமிலமாகவோ ஆயத்த உரமாகவோ வெளிநாட்டிலிருந்து வருகிறது. உலகின் அறியப்பட்ட பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவின் கையில், மேற்கு சகாராவையும் சேர்த்து, உள்ளது. இதில் பூ கிராவின் பங்கு சிறிது. ஓ.சி.பி.யின் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியது சிக்கலுக்கு அப்பாற்பட்ட மொராக்கோ சுரங்கங்களில் கிடைப்பது. ஆகவே மொராக்கோ பாஸ்பேட் எல்லாம் சகாராவி பாஸ்பேட் என்று கருதுவது தவறு. எனினும் கண்காணிப்பு அமைப்பின் அண்மை ஆண்டறிக்கைகளில் பூ கிராவிலிருந்து பாறை வாங்கும் முக்கிய நாடுகளாக நியூசிலாந்து, மெக்சிகோ ஆகியவற்றோடு இந்தியாவும் இடம்பெறுகிறது. பாரதீப் துறைமுகம் அவற்றில் குறிப்பிடப்படும் இடம்.

ஈரோட்டு மஞ்சளுக்கும், கோபி வயல் நெல்லுக்கும், வாழைக்கும் அடியுரமாக டி.ஏ.பி. அல்லது காம்ப்ளக்ஸ் இடப்படுகிறது. உளுந்து, பச்சைப்பயறு பூக்கும் பருவத்தில், முதல்நாள் இரவு ஊறவைத்து வடிகட்டிய 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசலைத் தெளிக்கும்படி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் 50 கிலோ மூட்டையில் 18-46-0 என்ற எண்ணும் எடையும் விலையும் அச்சிட்டிருக்கும். பாறை எந்தச் சுரங்கத்தது என்பது இருக்காது. பல இடத்துப் பாறை ஆலையில் ஒன்றாகக் கரைந்துவிடுவதால் மூட்டையைக் கொண்டு அதைக் கண்டறியவும் முடியாது. 2022 முதல் எல்லா நிறுவனங்களின் டி.ஏ.பி.யும் பாரத் என்ற ஒரே பெயரில் வருகிறது. பிரான்சில் உழவர் சங்கம் பழத்தின் சீட்டைப் பார்த்து வழக்குப் போட முடிந்தது. உரத்துக்கு அந்த வழி இல்லை. கேள்வி கேட்க வேண்டுமானால் ஆலையிடமும் இறக்குமதி செய்வோரிடமும், உர மானியம் தரும் அரசிடமும்தான் கேட்க வேண்டும். வெள்ளாமை செய்பவரின் தோளில் ஏற்றக்கூடிய சுமை அன்று இது.

தமிழ்நாட்டு வாக்கெடுப்புக் கோரிக்கையுடன் ஒப்பீடு

2013 மார்ச்சில் ஈழத் தமிழர் சிக்கலை முன்வைத்து மாணவர் போராட்டம் சென்னையில் தொடங்கிக் கோவை உட்பட மாநிலமெங்கும் பரவியது. மார்ச் 27 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், இலங்கையிலும் பிற நாடுகளிலும் வாழும் ஈழத் தமிழரிடையே தனி ஈழம் குறித்து வாக்கெடுப்பு நடத்த வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. சகாராவி சிக்கலைப் படிக்கும் மாணவர்கள் இவ்விரண்டையும் ஒப்பிடுவது இயல்பு. ஒற்றுமைகள் தெரிந்தவையே. வேறுபாடு சட்டத்தில் உள்ளது. மேற்கு சகாரா ஐ.நா.வின் தன்னாட்சி பெறாத 17 நிலப்பரப்புகளின் பட்டியலில் இன்றும் உள்ளது. குடியேற்ற ஆட்சி நீக்கம் முடிவுறாத நிலம் என்பதால் அதன் மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு என்பதில் நீதிமன்றங்களுக்கு ஐயம் எழுவதில்லை. இலங்கை 1948-இல் ஒரே நாடாக விடுதலை பெற்றதால், வடகிழக்குக்கு அத்தகைய பட்டியல் நிலை கிடைக்கவில்லை. அங்கே உரிமையையே முதலில் நிறுவ வேண்டியுள்ளது. சகாராவிகளுக்கோ உரிமை ஏட்டில் உள்ளது, அதைச் செயல்படுத்துவோர் இல்லை.

இன்றைய நிலை

2020 நவம்பர் 13 அன்று, தெற்கு எல்லையில் உள்ள குவேர்குவேரத் சாலையை மறித்திருந்த சகாராவி போராட்டக்காரர்களை அகற்ற மொராக்கோ படை அனுப்பியதும் போர்நிறுத்தம் முறிந்தது. டிசம்பர் 10 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் மொராக்கோவின் இறையாண்மையை அங்கீகரித்தார். அதே வேளையில் மொராக்கோ இஸ்ரேலுடன் உறவு ஏற்படுத்திக்கொள்ள முன்வந்தது. 2022-இல் ஸ்பெயின் அரசும் 2024-இல் பிரான்சும் மொராக்கோவின் திட்டத்தின் பக்கம் சாய்ந்தன. ஸ்பெயினின் முடிவை அந்நாட்டு நண்பர் சங்கங்கள் தெருவில் இறங்கி எதிர்த்தன.

2025 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 2797-ஆம் தீர்மானத்தில் மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக ஏற்றது. 11 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் ஆகியவை நடுநிலை வகித்தன. அல்ஜீரியா வாக்களிப்பில் பங்கேற்கவில்லை. சுயநிர்ணய உரிமை என்ற சொல் தீர்மானத்தில் நீக்கப்படவில்லை. மினுர்சோவின் பணிக்காலம் 2026 அக்டோபர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.